வளர்ச்சி என்றார் மருத்துவர்

ஆனி 1, திங்கள்

அவையோரே! பெரியோரே! முன்வரிசையில் அமர்ந்து பாதிப் பேச்சில் எழுந்து போகும் பழக்கமுடைய பெருமக்களே! என் முறையீட்டைக் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாகப் பேசியே வாழ்ந்த ஒருவனை, ஆடி பத்தாம் நாள் வரை வாய் திறவாதே என்று ஆணையிட்டிருக்கிறார்கள். ஆணையிட்டது அரசன்று, அரசாயின் மறியல் செய்திருப்பேன். ஆணையிட்டவர் தொண்டை மருத்துவர். என் மாணவியாய் இருந்திருக்கத்தக்க அகவையினர், கனிவானவர். கனிவை எதிர்த்துப் போராடும் முறை எனக்குத் தெரியாது.

மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. ஆகையால் இந்தக் குறிப்பேட்டை அவையாக்கிக்கொண்டு பேசுகிறேன்.

நடந்தது இது. வில்லியனூர்க் கூட்டத்தில் 'தமிழர்காள்' என்று எடுத்த விளியின் நடுவே என் குரல் அறுந்தது. 'தமி' வெளியே வந்தது, எஞ்சியது வரவில்லை. கூட்டத்தார் ஒலிவாங்கியின் கோளாறு என்று எண்ணி ஒலியமைப்பாளரைத் திட்டினார்கள். நானும் அவரைத்தான் முறைத்துப் பார்த்தேன்.

குரலை இப்போது காக்க வேண்டியதன் தேவை வேறு. கடல்கடந்த தமிழுறவு மன்றத்தின் பரிமாற்றப் பயணம் வருகிறது. தைத் திங்களில் இரீயூனியன் தீவிலிருந்து அறுவர் புதுவைக்கு வந்திருந்தனர். கரும்புக் கழனிகளுக்குக் கூலிகளாய்க் கப்பலேறியவர்களின் வழிவந்தோர். கோயில் உண்டு, காவடி உண்டு, தமிழ்ப் பெயரும் உண்டு. பேச்சு மட்டும் பிரெஞ்சு. நான் ஒன்றரை மணி நேரம் வரவேற்புரை ஆற்றினேன். ஒரு சொல்லும் விளங்காமல் இறுதிவரை கைதட்டினார்கள். இப்போது நம் பக்கத்துப் பேராளர் ஐவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் அங்கே போக வேண்டும். நிறைவு விழாவின் பேருரை என்னுடையது. அதுவரை வாய்ப்பூட்டு.

அரசி கற்பலகை ஒன்று வாங்கி வந்தாள். அரசி என்பது என் மனைவி பொன்னரசி. அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். "சிலேட்டுக்கு இன்னும் கடையில மவுசு இருக்குங்க" என்றாள். பலப்பத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் தின்னும் சுவைதான்.

ஆனி 3, புதன்

கைப்பேசி ஓயாமல் அடிக்கிறது. அரசி எடுத்து, "அவரு மௌனவிரதங்க" என்று எல்லாருக்கும் சொல்கிறாள். இரண்டும் வடசொல். பொறுக்க மாட்டாமல் கற்பலகையில் 'வாய்வாளாமை' என்று எழுதி, இப்படிச் சொல் என்று காட்டினேன்.

"வாய்வாளாமைன்னு சொன்னா, வாய்ல என்ன வியாதின்னு கேப்பாங்க" என்றாள். அடுத்த அழைப்புக்கும் மௌனவிரதமே போயிற்று.

பிறர் பேச்சைப் பேசியவாறே எழுதுகிறேன். அதிலுள்ள கலப்புக்கு நான் பொறுப்பல்லேன்.

ஆடியில் அந்தத் தீவில் குளிர்காலமாம். தையற்காரர் வந்து கம்பளிச் சட்டைக்கு அளவெடுத்துப் போனார்.

ஆனி 7, ஞாயிறு

மன்றத்தில் பயணக் குழுவின் கூட்டம். செயலாளர் இளவழுதி என்னைவிட இருபது ஆண்டு இளையவர். என் பேச்சைக் கேட்டு இயக்கத்துக்கு வந்ததாகக் கூறிக்கொள்பவர். முதற்செய்தியாக என் பேருரையின் நேரத்தை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க ஒரு மணி நேரம் பேசினா மொழிபெயர்ப்போட சேத்து ரெண்டு மணி நேரம் ஆவும். அவங்களுக்கு மறுநாள் வேலை இருக்குல்ல" என்றார். ஒரு மணியை இருபது மணித்துளியாக்கினார்கள். எவருக்கேனும் மறுப்பு உண்டா என்று கேட்டு என்னையும் பார்த்தார். கற்பலகை என் மடியில் இருந்தது. பலப்பம் அரசியின் கைப்பையில் இருந்தது. அரசி வீட்டில் இருந்தாள். ஒருமனதாக நிறைவேறிற்று.

என் சொற்பொழிவுத் தொகுதியில் ஐம்பது படிகளை அன்பளிப்பாகக் கொண்டுபோகும் எண்ணத்தையும் கைவிட்டார்கள். எடை மிகுதி, மேலும் அங்குள்ளோர்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றார்கள். தெரியாது என்பதனாலன்றோ போகிறோம்? இதையும் எழுதிக் காட்ட இயலவில்லை. அகர வரிசைப் படத்தாள்கள் கொண்டுபோவதென முடிவாயிற்று.

மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். எல்லாரும் மதாம் என்கிறார்கள். அவர் ஆண்களையெல்லாம் முசே என்கிறார், பிரெஞ்சில் ஐயா என்பது. கூட்டம் முடிந்ததும் எவரிடமோ சுண்ணக்கட்டி வாங்கி, அவர் பெயரை 'அனத்தாசி' என்று என் பலகையில் எழுதி வரவேற்றேன். அவர் அதே சுண்ணக்கட்டியை வாங்கி நடுவில் ஓர் எழுத்தை அழித்து 'ஸ்' போட்டார்.

"முசே, அந்த 'ஸ்' எனக்கு ஞானஸ்நானத்துல கெடச்சுது. அத எடுக்காதீங்க."

அவர் பேச்சில் அவர் விருப்பம். என் நடையில் அவர் அனத்தாசியே.

ஆனி 9, செவ்வாய்

மருத்துவமனை. மூக்கின் வழியே மெல்லிய குழாயொன்றை இறக்கித் தொண்டையைத் திரையில் காட்டினார் மருத்துவர். பார்க்க நல்ல இடமன்று. இத்தனை ஆண்டுச் சொற்களெல்லாம் அந்த ஈரச் சந்திலிருந்தா எழுந்து வந்தன என்று தோன்றிற்று.

குழாயை எடுத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"ஐயா, இங்கிலீஷ் கலந்தா உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். தமிழ்லயே சொல்றேன். குரல்வளைல சின்னதா ஒரு வளர்ச்சி தெரியுது. மயக்கம் குடுத்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. தள்ளிப் போடாதீங்க."

என்னிடம் ஆங்கிலம் கலவாமல் பேசிய முதல் மருத்துவர். நன்றி என்று எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

வளர்ச்சி. நல்ல சொல். எத்தனை மேடையில் எத்தனை முறை கூறியிருப்பேன். மொழி வளர்ச்சி, இன வளர்ச்சி, நாட்டு வளர்ச்சி. அரசு ஒரு துறைக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறது.

வீடு திரும்பியபோது அரசி தையற்கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றாள். 'வளர்ச்சி உள்ளது என்றார்' என்று எழுதினேன்.

ஒரு செருப்போடு அப்படியே நின்று இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடா" என்றாள். "இத்தன நாளா எனக்குள்ள என்னமோ ஒண்ணு அடிச்சுக்கிட்டே கெடந்துது. நல்ல வளர்ச்சின்னு அந்தம்மா வாயால வந்துச்சே, போதும்."

பலகை சிறியது. மேற்கொண்டு எழுத இடமில்லை.

ஆனி 10, புதன்

சர்க்கரைப் பொங்கல். முந்திரி மிகுதி. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் போயிற்று. "தொண்டைல நல்ல வளர்ச்சியாம், டாக்டரே சொல்லிட்டாங்க" என்று மதிலுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. எனக்குத் தெரியாமல் காலையில் அம்மன் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறாள். காதோரம் குங்குமம் ஒட்டியிருந்தது.

பொங்கல் சுவையாயிருந்தது. விழுங்கத்தான் நேரம் பிடித்தது.

ஆனி 14, ஞாயிறு

அனத்தாசி அம்மையார் முதல் ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தார். நான் பேசக் கூடாது. ஆகவே என் உரையை அரசி உரக்கப் படிக்க, அம்மையார் பிரெஞ்சில் சொல்லிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

தொடக்கத் தொடரே பெருந்தொடர். கடலில் எழுந்து, கரும்பில் நடந்து, கண்ணீரில் நனைந்து, ஏழெட்டு அடைகளைச் சுமந்து, கடைசியில் 'வணங்குகிறேன்' என்று முடியும். அரசி அதை மூன்று மூச்சில் படித்தாள். அம்மையார் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"முசே, நீங்க என்ன செய்றீங்கன்னு கடைசி வார்த்தைலதான் சொல்றீங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க முடியாது. நீங்க கும்புடுறீங்களா, திட்டுறீங்களான்னு அந்த ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

தமிழில் வினைமுற்று இறுதியில் வருவது இயல்பு என்று எழுதிக் காட்டினேன். "அப்போ சீக்கிரம் முடிங்க" என்றார். அரசி சிரித்துவிட்டாள். அஞ்சலகத்தில் தந்தி இருந்த காலத்தில், சொல்லுக்குச் சொல் கட்டணம் என்றதும் மக்கள் எவ்வளவு தெளிவாக எழுதினார்கள் என்று தொடங்கினாள். இருவரும் காபி குடித்துக்கொண்டு என் முன்னுரையை நான்கு சிறு தொடர்களாக வெட்டினார்கள். தம்மூர் அடுக்களைக் கதைகள் நடுநடுவே. என்னைக் கேட்கவில்லை.

வெட்டியபின் படித்துப் பார்த்தேன். பொருள் அப்படியே இருந்தது. அதுதான் வருத்தம்.

ஆனி 18, வியாழன்

பயண ஏற்பாடுகள் மிகுதி. ஆவணியில் வருவதாக மருத்துவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

ஆனி 19, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து இருமுறை அழைப்பு. அரசி கடைக்குப் போயிருந்த வேளை. எடுக்கவில்லை. பேசக் கூடாதவன் எடுத்து என்ன செய்வது?

ஆனி 22, திங்கள்

நுழைவிசைவுக்காகச் சென்னை போய் வந்தோம். பத்து விரல்களையும் கண்ணாடியில் பதியச் சொன்னார்கள். என் விரல் வரிகள் சரியாக விழவில்லையாம், பலப்பத் தூள். ஒரு பெண் ஈரத்துணியால் என் கையைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டாள். இளவழுதி வழியெல்லாம் வாடகை வண்டியில் தூங்கினார். மற்ற மூவர், பறையிசைக் கலைஞர் இருவரும் கோலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும். அவர்கள் கூத்தும் சிரிப்புமாய் வந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

கம்பளிச் சட்டை வந்தது. தோளில் தொங்குகிறது, கழுத்தில் இரண்டு விரல் போகிறது. அரசி அதைத் தூக்கிக்கொண்டு தையற்காரரிடம் போய்ச் சண்டையிட்டாள். அவர் அளவுக் குறிப்பை எடுத்துக் காட்டி, எடுத்த அளவுக்கே தைத்தேன் என்று உறுதியாய்ச் சொன்னாராம். "கண்ணு போச்சு அந்தாளுக்கு" என்றாள். ஆம் என்று தலையசைத்தேன். முப்பது ஆண்டுகளாக எனக்குத் தைப்பவர், ஒருமுறையும் தவறியதில்லை.

ஆனி 25, வியாழன்

காலையில் வாய் கொப்பளித்த நீரில் செம்மை. நேற்று மாதுளை தின்றோமா என்று அரசியிடம் கேட்க எண்ணினேன். கேட்கவில்லை.

ஆனி 28, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்த முறையிலேயே எழுதுகிறேன். அணி எதுவும் சேர்க்கவில்லை.

இரண்டாம் ஒத்திகை. அரசி படித்துக்கொண்டிருந்தாள். "உங்கள் மண்ணில் தமிழ் வளர்ச்சி காண" என்ற இடத்தில் அனத்தாசி அம்மையார் கையைத் தூக்கி நிறுத்தினார். பிரெஞ்சில் இதற்குச் சொற்கள் பல உண்டாம். முன்னேறுவதற்கு ஒன்று, செடி உயர்வதற்கு ஒன்று, உடம்பில் முளைப்பதற்கு ஒன்று. எந்த வளர்ச்சி என்று என்னைக் கேட்டார்.

நான் பலப்பத்தை எடுப்பதற்குள் அரசி விளக்கத் தொடங்கிவிட்டாள்.

"வளர்ச்சின்னா நல்லா ஆவறது, மதாம். இப்ப இவருக்கே தொண்டைல வளர்ச்சி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, அது மாதிரி."

அம்மையார் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். மூடும் ஒலி கேட்டது. அரசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தேறுதுன்னு சொன்னாங்களா, முசே? இல்ல, வளர்ச்சி இருக்குன்னு சொன்னாங்களா?"

அரசி இன்னும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அந்தக் கேள்வியை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்ப்பதை நான் கண்டேன். உதடு அசைந்தது. பிறகு உரையின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமன் செய்தாள். அஞ்சலகத்தில் படிவங்களை அப்படித்தான் செய்வாள்.

பலகை என் கையில் இருந்தது. அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் அதைத் துடைத்தேன்.

அம்மையார் எழுந்து தன் குடையை எடுத்துக்கொண்டு அரசியின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார். வாயிற்கதவு மூடியபின்தான் அரசி பேசினாள். குரல் உயரவில்லை.

"ஊர் ஊராப் போய் எல்லாருக்கும் வெளங்குற மாதிரி பேசுனீங்க. எனக்குக் கட்டின்னு ஒரு வார்த்த எழுத முடியலியா?"

கட்டி என்பதும் தூய தமிழ்ச்சொல்லே.

ஆனி 29, திங்கள்

வீட்டில் இருவர் பேசவில்லை. ஒருவருக்கு மருத்துவர் ஆணை.

ஆனி 31, புதன்

அரசி நேற்றுத் தனியே மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மருத்துவரைப் பார்க்க உச்சிப்பொழுது கடந்தும் நின்றிருக்கிறாள். இன்று காலை இட்லியை என் முன் வைத்துவிட்டு எதிரே அமர்ந்து, தாள் படிப்பவள்போல் ஒரே சீராகச் சொன்னாள்.

"அது என்ன கட்டின்னு எடுத்துப் பாத்தாதான் தெரியுமாம். ஒண்ணும் இல்லாமயும் போவலாம், இருந்தா இருக்கவும் இருக்கலாம். ஆடி பதினொண்ணு, திங்கக்கெழம காலைல வெறும் வயித்தோட வந்தா பாக்கறேன்னாங்க. உறுதி குடுக்கல. ஒரு தடவ வராதவங்கள வரிசைல கடைசிலதான் போடுவாங்களாம். பத்தாம் தேதி உங்க பிளைட்டு. ரெண்டுல எதுக்குப் போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் கெஞ்ச மாட்டேன்."

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பரணிலிருந்து பெரிய பெட்டி ஒன்றையும் துணிப்பை ஒன்றையும் இறக்கினாள். பெரிய பெட்டியில் கம்பளிச் சட்டை, வேட்டிகள், அகர வரிசைப் படத்தாள்கள், என் மாத்திரைகள், மன்றத்தின் துண்டு. துணிப்பையில் இரு கைலி, ஒரு போர்வை, வெந்நீர்க் குடுவை, எவர்சில்வர் தம்ளர், பழைய செய்தித்தாள். இரண்டையும் கூடத்தில் அருகருகே வைத்தாள். பெரிய பெட்டியில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊறுகாய் கூட வைத்திருந்தாள், ஒழுகாதபடி இரண்டு உறை சுற்றி.

என்னோடு அவள் சண்டையிட்டிருக்கலாம். சண்டை எனக்குப் பழக்கமானது.

ஆடி 3, ஞாயிறு

இளவழுதி வந்தார். அரசி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி என்றே சொன்னாள். அவர் முகம் வாடியது. மெய்யாகவே வாடியது, நான் அறிவேன். பிறகு, அங்கே சுவரொட்டி அடித்துவிட்டார்கள், என் படம்தான் பெரிதாய் இருக்கிறது என்றார். கைப்பேசியில் காட்டினார். 'இடிமுழக்கம் அறவாழி' என்பதைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டிருந்தார்கள். என் பெயரை என்னால் படிக்க இயலவில்லை.

அரசி காபி கலக்க உள்ளே போனதும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகே வந்தார்.

"அண்ணே, ஒரு பத்து நாளுதான. நீங்க பேசவே வேணாம். உங்க பழைய கூட்டத்து ரெக்கார்டிங்க போட்டுடலாம். நீங்க மேடைல நின்னு கைய மட்டும் ஆட்டுங்க. அவங்களுக்கு எப்படியும் தமிழ் புரியாதுல்ல? வந்ததும் ஆஸ்பத்திரிய பாத்துக்கலாம்ண்ணே."

சினம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பழைய குரலுக்கு என் கை எவ்வாறு அசையும் என்று எண்ணிப் பார்த்தேன். 'எழுக' என்னுமிடத்தில் வலக்கை உயரும். 'வீழ்க' என்னுமிடத்தில் இடக்கை. எல்லாம் நினைவிருந்தது. நன்றாகவே செய்யலாம். எவரும் அறியார்.

'எண்ணிச் சொல்கிறேன்' என்று எழுதிக் காட்டினேன். மறுத்தேன் என்று பின்னாளில் எவரேனும் எழுதினால் நம்பாதீர்கள்.

ஆடி 6, புதன்

அனஸ்தாசி அம்மையார் வந்தார். மொழிபெயர்ப்பின் இறுதிப்படியைக் கொண்டு வந்திருந்தார். நான் போவேனா மாட்டேனா என்று கேட்கவில்லை. கூடத்துப் பைகளைத் தாண்டி வந்து அமர்ந்து, "முசே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெசமா அவங்ககிட்ட என்ன சொல்லணும்னு இருக்கீங்க?" என்றார்.

உரையைச் சுட்டிக் காட்டினேன். அவர் இல்லையெனத் தலையசைத்தார், அதைத்தான் எத்தனையோ முறை மொழிபெயர்த்தாயிற்று, அதில் என்ன இருக்கிறதென்று தமக்குத் தெரியும் என்று பொருள்.

தைத் திங்கள் விருந்துக்குத் தாமும் வந்திருந்ததாகச் சொல்லி, அன்று நடந்த ஒன்றைக் கூறினார். விருந்தில் அந்தத் தீவிலிருந்து வந்த மூத்த அம்மையார் ஒருவர், இரண்டாம் முறை சோறு வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்து 'போதும்' என்றாராம். அவர் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்ச்சொல் அது ஒன்றுதான். தாய் சொல்லி மகள் கேட்டு, அவர் வரைக்கும் வந்திருக்கிறது. அதற்கு இலக்கணம் தெரியாது, எழுத்துத் தெரியாது. அன்று நானும் அதே பந்தியில், நான்கு இலை தள்ளி அமர்ந்திருந்தேன். கேட்கவில்லை. அன்று மாலை ஆற்றவிருந்த உரையைப் பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பலகையை மடியில் எடுத்து வைத்தேன். பிறகு எழுதினேன். ஒரு பக்கம் போதுமானதாயிருந்தது.

'போதும் என்ற சொல்லை இத்தனை தலைமுறை காத்தீர்கள். அது கூலிக்காரர் சொல். இனி உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள்.'

அம்மையார் அதைப் பார்த்தபடியே பிரெஞ்சில் சொன்னார். அவருக்கு எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. அரசி அடுக்களை வாயிலில் நின்று கேட்டாள்.

"இத நானே அங்க சொல்லிக்கிறேன்" என்றார் அம்மையார். "ரெண்டு நிமிஷம் ஆவும்."

இருபது மணித்துளிக்குச் சண்டையிட எண்ணியிருந்தவன் நான்.

ஆடி 8, வெள்ளி

இளவழுதிக்குச் செய்தி அனுப்பினேன். 'எனக்குத் தொண்டையில் கட்டி. வரமாட்டேன். பதிவு எதையும் ஒலிக்க விடாதீர்கள். அனஸ்தாசி அம்மையார் இரண்டு மணித்துளி பேசுவார்.'

உடனே அழைத்தார். அரசி எடுத்தாள். "இல்லப்பா, அவரு பேச மாட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மௌனவிரதம் என்று சொல்லவில்லை.

பெரிய பெட்டியைப் பிரித்தோம். ஊறுகாயை எடுத்து மதிய உணவுக்குப் போட்டாள்.

ஆடி 10, ஞாயிறு

காலையில் அவர்கள் வண்டி எங்கள் தெருவழியே வந்தது, படத்தாள்களை வாங்கிக்கொண்டார்கள். பறையிசைக் கலைஞர் இருவரும் இறங்கிவந்து என் கையைப் பற்றிக்கொண்டார்கள். இளவழுதி வண்டிக்குள்ளேயே இருந்தார். கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வந்து, "மதாம் பாத்துக்குவாங்கண்ணே" என்றார். கம்பளிச் சட்டையை அந்தப் பறையிசைக் கலைஞருள் இளையவருக்குக் கொடுத்தாள் அரசி. அவருக்குச் சரியாயிருந்தது.

வண்டி போனபின் அரசி தெருவிலேயே சற்று நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை, களைப்புத்தான். நாற்பது ஆண்டும் ஒரே நாளில் நடந்து வந்தவன்போல் கால் ஓய்ந்திருந்தது. மாலையில் படுத்தவன் விளக்கேற்றியதும் அறியவில்லை.

ஆடி 11, திங்கள்

மருத்துவமனை. புறநோயாளர் கூடம். விடியுமுன் வந்தோம். பதிவுச் சாளரத்தில் இருந்தவர் ஏட்டைப் பார்த்துவிட்டு, முன்பு வராமற்போனவருக்கு இன்று இடமில்லை, ஆவணியில் வாருங்கள் என்றார். ஆவணி என்று நான் கேட்டதுதான். அரசி அவரிடம் வாதாடினாள், பிறகு கதவருகே போய் நின்றுகொண்டாள். மருத்துவர் இவ்வழியே அறுவை அறைக்குப் போவார் என்கிறார்கள். பலகையில் இடம் போதாது. இந்தக் குறிப்பேட்டின் தாளிலேயே எழுதி அவரிடம் நீட்டப் போகிறேன்.

மருத்துவரம்மா, நின்று இதைப் படியுங்கள்.

ஆனியில் நீங்கள் குறித்த வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. பயண ஏற்பாடு என்று செய்தி அனுப்பினேன். பயணம் மெய், ஏற்பாடு பொய். அச்சம். நீங்கள் கனிவாய்ச் சொன்ன சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். என் மனைவியையும் அதற்குள் வைத்துப் பூட்டினேன்.

நாற்பது ஆண்டுகளாக 'உடனே செய்' என்று ஆட்சியாளர் பலரிடம் கேட்டவன் நான். எதுவும் உடனே நடந்ததில்லை. நானும் மறுநாள் வேறோர் ஊருக்குப் போய் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகையால் எவருக்கும் நெருக்கடி இல்லை.

இன்று வேறு ஊர் இல்லை. வானூர்தி போய்விட்டது. காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. உங்கள் சாளரத்தின் எதிரே உள்ள விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறேன், அழைக்கும்வரை எழமாட்டேன். கதவருகே நீலப் புடைவையில் நிற்பவள் பொன்னரசி. இனி எதைச் சொல்வதானாலும் அவளிடம் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், அவளுக்கு விளங்கும்.

என் பெயரை இன்றைய வரிசையில் எழுதுங்கள். கடைசியில் எழுதினாலும் சரி. கட்டியில் துளி எடுங்கள். ஆவணியில் அல்ல. இன்றே எடுங்கள்.